நாடு பிறக்குமுன் பிறந்த அணி



உலக வரைபடத்தை விரித்து, ஆப்பிரிக்காக் கண்டத்தின் வடகரையை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். மேற்கே மொராக்கோ, கிழக்கே துனீசியா. இவ்விரண்டுக்கும் இடையே, கடற்கரையில் தொடங்கி ஸஹாராப் பாலைவனத்தின் உட்பகுதி வரை நீண்டு கிடக்கும் பெருநாடுதான் அல்ஜீரியா. பரப்பளவில் ஆப்பிரிக்காவிலேயே மிகப் பெரிய நாடு இது. ஆயினும் நிலத்தின் பெரும்பகுதி மணல். மக்களில் பெரும்பாலோர் வாழ்வது வடக்கே மத்தியதரைக் கடலை ஒட்டிய குறுகிய விளிம்பில்தான். அவ்விளிம்பின் நடுவே, குன்றின் மீது படிப்படியாக ஏறிச் செல்லும் வெள்ளை வீடுகளுடன் தலைநகர் அல்ஜியர்ஸ் நிற்கிறது. அரபு மொழியில் இந்நகரின் பெயர் அல்-ஜஸாயிர். தீவுகள் என்பது அதன் பொருள். பழைய துறைமுகத்தின் எதிரே இருந்த சிறு தீவுகளால் வந்த பெயர் அது. பின்னர் அத்தீவுகள் கரையோடு இணைக்கப்பட்டுவிட்டன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

கஸ்பா எனப்படும் பழைய நகரின் படிக்கட்டுச் சந்துகளைப் பற்றியும், பள்ளிவாசல்களைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறார்கள். நான் இன்று உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அங்கன்று. நகரின் மேற்கே ஒரு விளையாட்டரங்கம் இருக்கிறது. 1972-ல் திறக்கப்பட்டது. அதன் பெயர் "1962 ஜூலை 5". ஆம், ஒரு தேதிதான் பெயர். 132 ஆண்டுகால பிரெஞ்சு ஆட்சி முடிந்து அல்ஜீரியா விடுதலை பெற்ற நாள் அது. அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் சென்றால் ஸெதீஃப் என்னும் ஊர் வரும். அங்கும் ஒரு விளையாட்டரங்கம். அதற்கும் ஒரு தேதியே பெயர்: "1945 மே 8". பந்து உதைக்கும் இடங்களுக்கு இப்படித் தேதிகளைப் பெயராகச் சூட்டியிருக்கிறார்களே, ஏன் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால் கிடைப்பதுதான் அல்ஜீரியக் கால்பந்து அணியின் வரலாறு.

முதலில் ஸெதீஃபுக்குப் போவோம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில், கோதுமை விளையும் மேட்டுச் சமவெளியில் அமைந்த ஊர் அது. குளிர்காலத்தில் பனி பெய்யும். 1945 மே 8 அன்று ஐரோப்பாவில் இரண்டாம் உலகப்போர் முடிந்தது. வெற்றியைக் கொண்டாட ஸெதீஃப் மக்களும் ஊர்வலம் போனார்கள். போரில் பிரான்சுக்காக இரத்தம் சிந்தியவர்கள் அல்ஜீரியரும்தான் அல்லவா? எனவே தங்களுக்கும் விடுதலை வேண்டும் என்று கேட்டார்கள். தங்கள் கொடியை உயர்த்தினார்கள். கொடி பிடித்த இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் கலவரம் மூண்டது. ஐரோப்பியக் குடியேறிகள் சுமார் 100 பேர் உயிரிழந்தனர். பிரெஞ்சுப் படைகளும் குடியேறிகளும் வாரக்கணக்கில் பழிதீர்த்தனர். மாண்டவர்கள் 45,000 பேர் என்று அல்ஜீரியா சொல்கிறது. பிரெஞ்சு அரசு அன்று ஒப்புக்கொண்டது ஆயிரம் அளவில்தான். எண்ணிக்கை பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயிரங்கள் என்பதில் மட்டும் ஐயமில்லை.

அந்த ஊரில் அப்போது 8 வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். பெயர் ரஷீத் மக்லூஃபி.

சிறுவன் வளர்ந்தான், காலில் பந்து ஒட்டிக்கொண்டது. 1954-ல், 18 வயதில், கடல் கடந்து பிரான்சின் செயிண்ட் எத்தியேன் நகருக்குப் போனார். அந்நகரம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பேர்பெற்றது, உழைப்பாளிகளின் ஊர். அங்குள்ள பச்சைச் சட்டைக் கால்பந்துக் கழகம் 1957-ல் முதன்முறையாகப் பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்றபோது, அதன் தாக்குதலின் உயிர்நாடியாக விளங்கியவர் மக்லூஃபி. பிரான்சின் தேசிய அணிக்கும் ஆடினார். கட்டாய ராணுவப் பணியில் இருந்தபோது பிரெஞ்சு ராணுவ அணிக்காகவும் ஆடி உலக ராணுவக் கோப்பையை வென்று வந்தார். 21 வயது. 1958 ஜூனில் சுவீடனில் நடக்கவிருந்த உலகக் கோப்பைக்கான பிரெஞ்சு அணியில் அவருக்கு இடம் ஏறத்தாழ உறுதியாகியிருந்தது.

இதற்கிடையில் 1954 நவம்பர் முதல் தேதியே அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்திருந்தது. செயிண்ட் எத்தியேனில் கைதட்டல். பிறந்த மண்ணில் துப்பாக்கிச் சூடு. பிரான்சின் பல கழகங்களில் இப்படி அல்ஜீரிய வீரர்கள் ஆடிக்கொண்டிருந்தனர். மொனாக்கோ கழகத்தின் முஸ்தஃபா ஸைதூனி பிரெஞ்சுத் தேசிய அணியின் நடுத்தடுப்பில் மலைபோல் நின்றவர். அப்துல் அஜீஸ் பின் தைஃபூர் 1954 உலகக் கோப்பையிலேயே பிரான்சுக்கு ஆடியவர். ஸெதீஃப் ஊர்க்காரரான அப்துல் ஹமீது கர்மாலி லியோன் கழகத்தில் இருந்தார்.

போரை நடத்திய தேசிய விடுதலை முன்னணியினர் இவர்களை இரகசியமாக அணுகினார்கள். முகம்மது பூமஸ்ராக் என்பவர் இத்திட்டத்தின் சூத்திரதாரி. கேட்டது துப்பாக்கி ஏந்தும்படி அல்ல. பிரான்சை விட்டு வெளியேறித் துனிஸ் நகருக்கு வந்து, இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் தேசிய அணியாக ஆடுங்கள் என்பதே வேண்டுகோள்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நிதானித்து அவர்கள் நிலையை எண்ணிப் பாருங்கள். நல்ல சம்பளம், பெயர், புகழ். இரண்டு மாதத்தில் உலகக் கோப்பை. விட்டுப் போனால் ஒப்பந்தம் போகும். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் தடை வரும். ராணுவப் பணியில் இருந்த மக்லூஃபிக்கோ போர்க்காலத்தில் படையைவிட்டு ஓடியவன் என்ற குற்றமும் சேரும். போர் எப்போது முடியும், எப்படி முடியும் என்று அன்று எவருக்கும் தெரியாது. பின்னாளில் வெற்றி கிட்டிவிட்டதால் நமக்கு இது எளிய முடிவுபோலத் தோன்றுகிறது. அன்று அப்படியில்லை.

1958 ஏப்ரல் நடுவில், இரண்டொரு நாட்களுக்குள், பத்துப் பேரளவில் காணாமற் போனார்கள். சிலர் மொனாக்கோவிலிருந்து இத்தாலிய எல்லையைக் கடந்து ரோம் சென்றனர். சிலர் சுவிட்சர்லாந்து வழியாகப் போயினர். மக்லூஃபி ஆட்டமொன்றில் தலையில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தார். தோழர்கள் அங்கேயே வந்து அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு எல்லையை நோக்கி விரைந்தார்கள். செய்தி பரவுவதற்குள் கடந்துவிட்டனர். எல்லோருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. பிடிபட்டுச் சிறை சென்றவர்களும் உண்டு. ஏப்ரல் 16 அன்று பாரிஸில் சுவிட்சர்லாந்துடன் பிரான்சுக்கு ஆட்டம். ஸைதூனி நிற்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நின்றார்.

அந்த உலகக் கோப்பையில் பிரான்ஸ் மூன்றாமிடம் பெற்றது. மக்லூஃபியும் ஸைதூனியும் உடனிருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் வெகுகாலம் பேசிக்கொண்டிருந்தார்கள். இவ்விருவரும் அதன்பின் வாழ்நாளில் ஒரு முறைகூட உலகக் கோப்பையில் ஆடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

துனிஸ் நகரில் இவர்கள் குடியமர்த்தப்பட்டனர். புதிதாக வந்தவர்களும் சேர, காலப்போக்கில் முப்பது பேருக்கு மேல் ஆனார்கள். ஃபிஃபா இந்த அணியை ஏற்க மறுத்தது; இவர்களுடன் ஆடும் நாடுகளையும் தண்டிப்பதாக மிரட்டியது. நாடில்லாத அணியை எப்படி ஏற்பது என்பது அதன் வாதம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் விளையாட்டில் அரசியல் கலக்கலாகாது என்று அப்போது சொன்னவர்கள், ஆளும் நாட்டின் கொடியை மட்டும் அரசியலாகக் கருதவில்லை என்பதையும் நாம் கவனிக்கத்தான் வேண்டும்.

தடையையும் பொருட்படுத்தாது அழைத்த நாடுகள் இருந்தன. மொராக்கோ, துனீசியா, லிபியா, ஈராக், ஜோர்டான்; பல்கேரியா, ருமேனியா, ஹங்கேரி, யூகோஸ்லாவியா; தொலைவில் சீனா, வடவியட்நாம். வடவியட்நாமில் ஹோ சி மின் இவர்களை வரவேற்றார். நான்கு ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடி, பெரும்பாலானவற்றில் வென்றார்கள். பெல்கிரேடில் யூகோஸ்லாவியர்களை 6-1 என்று வீழ்த்தியது அவற்றில் உச்சம். ஆயினும் கோல் கணக்கைவிட முக்கியமானது ஆட்டம் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு நிமிடம். பச்சையும் வெள்ளையுமான பின்னணியில் சிவப்புப் பிறையும் நட்சத்திரமும் கொண்ட கொடி ஏறும். பிரெஞ்சுச் சிறையிலிருந்த கவிஞர் முஃப்தி ஸகரிய்யா எழுதிய தேசிய கீதம் ஒலிக்கும். ஐ.நா. சபையில் இடமில்லாத ஒரு நாட்டின் பெயரைப் பல்லாயிரம் பேர் எழுந்து நின்று கேட்பார்கள்.

1962-ல் நாடு பிறந்தது. அணியின் வேலை முடிந்தது. வீரர்கள் தங்கள் பிழைப்பைத் தேடிப் பிரிந்தார்கள். மக்லூஃபி அதே செயிண்ட் எத்தியேனுக்குத் திரும்பினார் என்பதுதான் வியப்பு. துரோகி என்று ஏசுவார்களோ என்ற அச்சம் அவருக்கு இருந்தது. சுரங்கத் தொழிலாளர் நகரம் அவரை ஏசவில்லை; ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டியது. 1964, 1967, 1968 ஆண்டுகளில் லீக் பட்டம் வந்தது. 1968-ல் பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் போர்டோ கழகத்தை 2-1 என்று வென்றபோது இரு கோல்களும் மக்லூஃபியுடையவை. கோப்பையை வழங்கியவர் குடியரசுத் தலைவர் தெகோல். அவர் எந்த நாட்டின் தலைவரோ அந்த நாட்டின் படையைவிட்டுப் பத்தாண்டுகளுக்கு முன் ஓடியவர் கைநீட்டி அதைப் பெற்றார்.

சுதந்திர அல்ஜீரியாவின் அணி ஆரம்பத்திலேயே ஒரு குறிப்பை எழுதி வைத்தது. 1964 ஜனவரி முதல் நாள் அல்ஜியர்ஸில் மேற்கு ஜெர்மனியை 2-0 என வென்றது. கோலடித்தவர்களில் ஒருவர் அஹ்மது ஊஜானி. பிரான்சைவிட்டு வந்து விடுதலை அணியில் சேர்ந்தவர்களுள் ஒருவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். 1975-ல் மத்தியதரைக் கடல் நாடுகளின் விளையாட்டுப் போட்டி அல்ஜியர்ஸில் நடந்தது. "1962 ஜூலை 5" அரங்கில், இறுதியாட்டத்தில் எதிரே நின்றது பிரான்ஸ்! பிரான்ஸ் அனுப்பியது அதன் முதல்தர அணி அன்று எனினும், கடைசி நிமிடத்தில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 3-2 என அல்ஜீரியா வென்றபோது ஊர் உறங்கவில்லை. பயிற்சியாளர் வேறு யாருமல்லர், மக்லூஃபிதான்.

இனி நாம் கடல் கடந்து ஸ்பெயினின் வடகரைக்குச் செல்ல வேண்டும். பிஸ்கே விரிகுடாவைப் பார்த்தபடி இருக்கும் ஹிஹோன் என்ற துறைமுக நகரம். கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் எல் மோலினோன் என்ற பழைமையான விளையாட்டரங்கம். 1982-ல் உலகக் கோப்பைக்கு முதன்முறையாகத் தகுதி பெற்ற அல்ஜீரியா தன் முதல் ஆட்டத்தை ஜூன் 16 அன்று இங்கேதான் ஆடியது. எதிரே ஐரோப்பியச் சாம்பியனான மேற்கு ஜெர்மனி.

ஜெர்மானியர் முகாமில் ஒரே கேலி. தோற்றால் அடுத்த ரயிலிலேயே ஊர் திரும்புவோம் என்று அவர்கள் பயிற்சியாளர் பேசியதாகச் செய்தி. அல்ஜீரிய அணியின் பொறுப்பு முஹ்யித்தீன் கலஃப், மக்லூஃபி இருவரிடமும் இருந்தது. அந்த அணிக்கு ஒரு பலம் இருந்தது. வெளியார் அதை எண்ணவில்லை. 28 வயதுக்கு முன் எவரும் வெளிநாட்டுக் கழகத்துக்குப் போகக்கூடாது என்று அல்ஜீரியாவில் விதி இருந்தது. வீரர்களுக்கு அது வருமான இழப்புதான். நியாயமான விதி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் பயனாகப் பெரும்பாலோர் ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே ஆடிப் பழகியிருந்தார்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்பது மற்றவருக்குத் திரும்பிப் பாராமலே தெரியும்.

54-ஆம் நிமிடத்தில் ராபிஹ் மாஜிர் கோலடித்தார். 67-ஆம் நிமிடத்தில் ருமெனிகே சமன் செய்தார். அவ்வளவுதான், இனி ஜெர்மனி எழுந்துவிடும் என்று உலகமே எண்ணியது. அல்ஜீரியர்கள் நடுக்கோட்டில் பந்தை வைத்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவராகப் பந்து கைமாறி, இடப்பக்கம் ஸாலிஹ் அஸாதிடம் சென்றது. அவர் குறுக்கே அனுப்பினார். லக்தர் பலூமி வலைக்குள் தள்ளினார். நடுக்கோட்டிலிருந்து வலை வரை ஜெர்மானியர் எவர் காலிலும் பந்து படவில்லை. ஆட்டம் 2-1. ஐரோப்பிய நாடொன்றை உலகக் கோப்பையில் வென்ற முதல் ஆப்பிரிக்க நாடு என்று கணக்குப் பார்ப்பதைவிட, அந்த ஒரு நிமிடத்தைப் படச்சுருளில் பார்த்தால் போதும்.

அடுத்து ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோல்வி. மூன்றாவது ஆட்டம் ஜூன் 24 அன்று, பக்கத்து நகரமான ஒவியேதோவில் சிலியுடன். இடைவேளைக்குள் 3-0 என்று முன்னிலை. பிற்பாதியில் களைத்துப்போய் இரண்டு கோல்களை விட்டுக்கொடுத்தார்கள், 3-2. வெற்றி வெற்றிதானே என்று நீங்கள் கேட்கலாம். அந்த இரண்டு கோல்கள்தான் வினையாயின.

மறுநாள், ஜூன் 25, வெள்ளிக்கிழமை. அப்போதுதான் பிறந்திருந்த ரமலான் மாதத்தின் முதல் ஜும்ஆ நாள். அல்ஜீரிய வீடுகளில் நோன்பு திறக்க இன்னும் நேரமிருந்த மாலைப்பொழுதில், ஹிஹோன் அரங்கில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதத் தொடங்கின. பிரிவின் மற்ற ஆட்டங்கள் அனைத்தும் முடிந்துவிட்டன. எனவே என்ன கணக்கு வந்தால் யாருக்கு லாபம் என்று இரு அணிகளுக்கும் தெரியும். ஜெர்மனி தோற்றாலோ சமன் செய்தாலோ அல்ஜீரியாவுக்கு வாய்ப்பு. ஜெர்மனி மூன்று கோல் வித்தியாசத்திலோ அதற்கு மேலோ வென்றால், ஆஸ்திரியா சரிந்து அப்போதும் அல்ஜீரியாவுக்கு வாய்ப்பு. ஒன்று அல்லது இரண்டு கோலில் ஜெர்மனி வென்றால் மட்டும் ஐரோப்பியர் இருவரும் மேலே, அல்ஜீரியா வெளியே. 10-ஆம் நிமிடத்தில் ஹ்ரூபெஷ் ஒரு கோல் அடித்தார்.

அதன்பின் நடந்ததை ஆட்டம் என்று அழைப்பது தமிழுக்குச் செய்யும் தீங்கு. எண்பது நிமிடம் பந்து பக்கவாட்டில் போயிற்று, பின்னால் போயிற்று, கோல்காப்பாளர் கைக்குப் போயிற்று. அரங்கிலிருந்த அல்ஜீரியர்கள் பணத்தாள்களை உயர்த்திக் காட்டினார்கள். ஸ்பானியர்கள் வெள்ளைக் கைக்குட்டைகளை வீசினார்கள்; அல்ஜீரியா, அல்ஜீரியா என்று கூவினார்கள். ஜெர்மன் தொலைக்காட்சியின் வருணனையாளர் வெட்கித்துப் பேச மறுத்தார். ஆஸ்திரிய வருணனையாளரோ பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று நேயர்களிடமே சொன்னார். கணக்கு 1-0 என முடிந்தது. அல்ஜீரியா முறையிட்டது, விதி எதுவும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா தள்ளிவிட்டது. சிலிக்கு எதிரான அந்த 3-0 நிலைத்திருந்தால், கோல் வித்தியாசத்தில் ஆஸ்திரியாவைச் சமன் செய்து, அடித்த கோல்களின் எண்ணிக்கையில் அல்ஜீரியா முந்தியிருக்கும். 1-0 என்ற கணக்கு அந்த இருவருக்கும் சேர்ந்து பயன்பட்டிருக்காது.

ஆயினும் ஒன்று நடந்தது. 1986 உலகக் கோப்பை முதல், ஒவ்வொரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும் என்று விதி மாற்றப்பட்டது. நம் வீட்டுப் பிள்ளைகள் உலகக் கோப்பை நாட்களில் இரண்டு ஆட்டங்களை ஒன்றாகப் பார்க்க முடியாமல் அலைவரிசையை மாற்றி மாற்றித் தவிக்கிறார்களே, அதன் காரணம் ஹிஹோனில் இருக்கிறது. மாஜிர் தம் கணக்கை வேறு வழியில் தீர்த்துக்கொண்டார். 1987-ல் ஐரோப்பியக் கழகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் போர்த்துக்கலின் போர்ட்டோ கழகத்துக்கு ஆடியபோது, கோலுக்கு முதுகைக் காட்டியபடியே குதிகாலால் தட்டி ஒரு கோல் போட்டார். எதிரணி ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்; ஊர் ஆஸ்திரியாவின் வியன்னா!

1990 மார்ச்சில் ஆப்பிரிக்கக் கோப்பை அல்ஜீரியாவில் நடந்தது. தொடக்க ஆட்டத்தில் நைஜீரியாவை 5-1 என நொறுக்கிய அல்ஜீரியா, மார்ச் 16 இறுதியாட்டத்தில் அதே நைஜீரியாவை மீண்டும் சந்தித்தது. "1962 ஜூலை 5" அரங்கம் நிரம்பி வழிந்தது. பயிற்சியாளர் அப்துல் ஹமீது கர்மாலி. 1958-ல் லியோனிலிருந்து காணாமற் போன அதே ஸெதீஃப்காரர். 38-ஆம் நிமிடத்தில் ஒரே கோல். அடித்தவர் ஷரீஃப் ஊஜானி. அஹ்மது ஊஜானியின் மகன். அல்ஜீரியாவின் முதல் ஆப்பிரிக்கக் கோப்பை, விடுதலை அணி வீரர் ஒருவரின் திட்டத்தாலும், மற்றொருவரின் மகன் காலாலும் வந்தது.

அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. 1992 முதல் உள்நாட்டுக் கலகம். லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகச் சொல்கிறார்கள். பந்தைப் பற்றி யார் கவலைப்படுவார்? உலகக் கோப்பைக்கு மீண்டும் தகுதி பெற 2009 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சூடானின் உம்மு துர்மானில் எகிப்தை 1-0 என்று வென்று அத்தகுதியைப் பெற்றார்கள்.

இக்காலத்துக்குள் அணியின் முகமே மாறியிருந்தது. பிழைப்புக்காகப் பிரான்ஸ் சென்ற தொழிலாளர்களின் மக்களும் பேரர்களும் அங்கே பிறந்து, அங்கே ஆட்டம் கற்று, பாட்டனார் மண்ணுக்காக ஆட முன்வந்தார்கள். இளையோர் அணியில் வேறு நாட்டுக்கு ஆடியவர்கள் 21 வயதுக்குப் பின் நாடு மாற முடியாது என்றிருந்த தடையை நீக்கும்படி அல்ஜீரியா கேட்டது. 2009-ல் ஃபிஃபா ஏற்றது. இந்நாட்டின் பொருட்டு மாறிய இரண்டாவது விதி இது. 1958-ல் பிரான்சிலிருந்து ஒளிந்து வந்தார்கள். இப்போது விமானச் சீட்டோடு வருகிறார்கள். பிரான்சுக்குப் போக வேண்டிய திறமை என்று அங்கே சிலரும், இங்கே வளராதவர்கள் என்று இங்கே சிலரும் முணுமுணுப்பது உண்டு. இரு பக்கமும் உறவு வைத்துக்கொண்ட குடும்பங்களுக்கு இந்த முணுமுணுப்பு புதிதன்று.

2014-ல் பிரேசிலில், தென்கொரியாவை 4-2 என வென்று முதன்முறையாக இரண்டாம் சுற்றுக்குச் சென்றார்கள். ஜூன் 30 அன்று போர்ட்டோ அலெக்ரே நகரில் எதிரே வந்தது ஜெர்மனி. மீண்டும் ரமலான் மாதம். வீரர்கள் நோன்பு வைக்கலாமா என்று பத்திரிகையாளர்கள் துளைத்தெடுக்க, அது அவரவர் சொந்த விஷயம் என்று பயிற்சியாளர் வஹீத் ஹலில்ஹோட்ஸிச் கதவைச் சாத்தினார். 90 நிமிடம் கோலில்லை. கூடுதல் நேரத்தில் 1-2 எனத் தோற்றார்கள். அந்த ஜெர்மனிதான் அவ்வாண்டின் உலகக் கோப்பையை வென்றது.

2019 ஒரு விசித்திரமான ஆண்டு. பிப்ரவரி தொடங்கி வெள்ளிதோறும் ஜும்ஆவுக்குப் பின் மக்கள் இலட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். இருபதாண்டு ஆண்ட பூத்தஃப்லிகா ஏப்ரலில் பதவி விலகினார். ஊர்வலங்கள் நிற்கவில்லை, அவற்றின் பாட்டுகளில் பல கால்பந்து அரங்குகளின் படிக்கட்டுகளில் பிறந்தவை. ஜூலையில் எகிப்தில் ஆப்பிரிக்கக் கோப்பை. பயிற்சியாளர் ஜமால் பில்மாதி, தலைவர் ரியாழ் மஹ்ரிஸ், இருவரும் பாரிஸ் புறநகர்களில் பிறந்தவர்கள். அரையிறுதியில் நைஜீரியாவுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் மஹ்ரிஸ் அடித்த ஃப்ரீ கிக் வலையின் மூலையில் புகுந்தது. ஜூலை 19, கெய்ரோ. அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. செனகலுக்கு எதிரான இறுதியாட்டத்தின் 2-ஆம் நிமிடத்திலேயே பக்தாத் பூநஜ்ஜாஹ் அடித்த கோல் கோப்பையைத் தந்தது. அந்த அணி 2022 ஜனவரி வரை 35 ஆட்டங்கள் தோல்வியறியாமல் போயிற்று.

மக்லூஃபி இதையெல்லாம் பார்க்க உயிரோடிருந்தார். 2024 நவம்பரில், 88-ஆம் வயதில் காலமானார். செயிண்ட் எத்தியேனிலும் அல்ஜியர்ஸிலும் அவருக்காகத் துக்கம் அனுசரித்தார்கள்.

2025 அக்டோபரில் அல்ஜீரியா மீண்டும் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. டிசம்பரில் வாஷிங்டனில் குலுக்கல் நடந்தது. அல்ஜீரியாவின் பிரிவில் அர்ஜென்டினாவும் ஜோர்டானும் வந்தன. கூடவே ஆஸ்திரியாவும் வந்து விழுந்தது. 2026 ஜூன் 27 அன்று கேன்சஸ் நகரில் அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும், டாலஸ் நகரில் மற்ற இரு அணிகளும் என்று பிரிவின் கடைசி ஆட்டங்களுக்கு அட்டவணை எழுதப்பட்டது. இரண்டுக்கும் தொடங்கும் நேரம் ஒன்றே.